முன்கையில் ஒரு கதியால்

என்னுடைய இடது முன்கையில், மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே தொடங்கி முழங்கை மடிப்பை நோக்கி ஓடும் நீளமான தழும்பு ஒன்று இருக்கிறது. சென்ற மாசி மாதம் அந்தத் தழும்பின் மேல் பச்சை குத்திக்கொண்டேன். தழும்பையே தண்டாக வைத்து, அதன் இரு பக்கமும் சிற்றிலைகள் விட்டு நிற்கும் கிளுவங் கதியால் ஒன்றை வரைவித்திருக்கிறேன். வேலிக்காக வெட்டி நட்டால் துளிர்விடும் தடியைத்தான் கதியால் என்போம். கந்தோரிலும் உறவினர் வீடுகளிலும் அதைக் காண்பவர்கள், எவ்வளவு காசு முடிந்தது, நொந்ததா, பிறகு அழிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். ஆறுவதற்கு எத்தனை நாள் எடுத்தது, அந்த நாட்களில் அதை எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று கேட்பவர்கள் குறைவு. ஊசி என் கையில் ஓடியது இரண்டரை மணித்தியாலம். அதைப் புண்ணாக எண்ணிப் பராமரித்தது மூன்று கிழமை. நான் எழுத விரும்புவது பெரும்பாலும் அந்த மூன்று கிழமைகளைப் பற்றித்தான்.

தழும்பின் கதையைச் சொல்லாமல் அதற்குள் போக முடியாது. 1995 ஒக்டோபர் மாதம், எனக்கு ஏழு வயது, எங்கள் வீட்டு முற்றத்துக்கு அண்மையில் விழுந்த ஷெல்லின் துண்டொன்று கையைக் கிழித்துச் சென்றது. ஆசுபத்திரியில் தையல் போட்டார்கள். தையல் வெட்டும் நாள் வருவதற்கு முன்னரே, ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும், போருக்கு அஞ்சி, எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்தச் சனத்துக்குள், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நானும் நடந்தேன். கொடிகாமத்தில் உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் தங்கியிருந்த நாட்களில் புண் இரண்டு தடவை சீழ் கட்டியது. பொருளாதாரத் தடை நீடித்த காலம் அது. சவர்க்காரம் கிடைப்பதே அரிதாகி, உடுப்புத் தோய்க்கப் பனம்பழத்தைப் பிசைந்த களியைப் பாவித்த வீடுகள் பல. அம்மா அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, அவித்து, வெயிலில் காயவைத்துக் கட்டுத்துணியாக்கினார். ஒவ்வொரு மாலையும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு கை உப்பைப் போட்டு, ஆறியதும் புண்ணைக் கழுவினார். நான் கத்திய கத்தலை அம்மா இன்றும் சொல்லுவார். புண் ஒருவாறு ஆறியது. ஆனால் நேராக ஆறவில்லை, நடுவில் தடித்து, ஒரு முறுக்கோடு ஆறியது.

அதன் பின்னர் வந்த ஆண்டுகளில், சோதனைச் சாவடிகளில் பையையும் அடையாள அட்டையையும் பார்த்த பிறகு கண்கள் என் கைக்கு வரும். இந்தக் காயம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு ஏழு வயதுப் பிள்ளையின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் முழுக்கைச் சட்டைக்குள் புகுந்துகொண்டேன். அந்தத் தழும்பு என்னுடையது, ஆனால் அதைப் பற்றி எப்போது பேசவேண்டும் என்பதை மற்றவர்களே தீர்மானித்தார்கள். அதை மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில்தான் பச்சை குத்தும் யோசனை வந்தது. மறைப்பது என் நோக்கமாக இருக்கவில்லை. மறைப்பதற்கு முழுக்கைச் சட்டையே போதுமானதாக இருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பச்சை புதிதன்று. அம்மம்மாவின் முன்கையில், புள்ளிகளைச் சுற்றி இழையோடிய சிறு கோலம் ஒன்று இருந்தது. வீடுவீடாக வந்த குறத்தி ஒருத்தி, விளக்குக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்து, சில ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டிக் குத்திவிட்டதாக அவர் சொல்லுவார். கரி கறுப்பாக இருக்க, கையில் இருப்பது ஏன் பச்சை என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அப்போது பதில் கிடைக்கவில்லை. மை தோலின் மேற்பரப்பில் இல்லை, அதற்குக் கீழே இருக்கிறது என்பதே பதில். மேலே உள்ள தோல் ஒளியைச் சிதறடிக்கும்போது நீலத்தன்மை கூடி, கறுப்பு நிறம் நீலப்பச்சையாகத் தெரிகிறது. பச்சை குத்துதல் என்ற நம்முடைய சொல்லில் அந்தக் கவனிப்பு அப்படியே பதிந்திருக்கிறது.

இது ஏன் முக்கியமென்றால், பராமரிப்பின் காரணங்கள் எல்லாம் இந்த ஆழத்திலிருந்தே வருகின்றன. மேற்றோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதில் மட்டும் மை நின்றால் மருதாணிபோல் உதிர்ந்துவிடும். ஆகவே ஊசி மேற்றோலைக் கடந்து, ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில், உட்தோலில் மையை விடுகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு, விழுங்கும் கலங்களை அனுப்புகிறது. அவை மைத்துகள்களை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடியாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. அந்தக் கலங்கள் இறக்கும்போது வெளிப்படும் மையை அடுத்த தலைமுறைக் கலங்கள் எடுத்துக்கொள்கின்றன என்று 2018 இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். அம்மம்மாவின் கோலம் அவருடைய கடைசி நாள்வரை நின்றது அப்படித்தான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்: உடல் அதை ஒருநாளும் ஏற்றுக்கொள்ளவுமில்லை, கைவிடவுமில்லை.

அம்மா பச்சையை எதிர்க்கவில்லை. அவருடைய பயம் வேறு. “ஆறின புண்ணை ஏன் பிள்ளை திரும்பக் கிளறுறாய்?” என்றுதான் கேட்டார். நியாயமான கேள்வி. தழும்பின் மேல் குத்துவது சாதாரணத் தோலில் குத்துவதைப் போன்றதன்று. தழும்பு முற்றிலும் முதிர்ந்திருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டு கடந்து, சிவப்பும் சொறியத் தூண்டும் கடியும் இன்றி, நிறம் வெளிறி நிற்க வேண்டும். காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும் கெலொயிட் தழும்பாக இருந்தால் அதில் ஊசி வைக்கவே கூடாது. கறுத்த தோலுடைய நமக்கு அந்தப் போக்கு வெள்ளைத் தோலினரைவிடக் கூடுதலாக உண்டு. இதைத் தன்னிடமே பார்த்துக்கொள்ள ஒரு வழி, தோளில் உள்ள, காசநோய்க்கு எதிராகப் போடும் பீ.சீ.ஜீ ஊசித் தழும்பையும் காது குத்திய துளையையும் கவனிப்பது. அவை தடித்துக் கட்டியாக வளர்ந்திருந்தால் பச்சை குத்தும் எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது. நான் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டினேன். உள்ளே துண்டு ஏதும் தங்கியிருக்கிறதா என்று அறிய எக்ஸ்ரேயும் எடுப்பித்தார். நம்முடைய ஊரில் உடம்புக்குள் உலோகத்தோடு வாழ்பவர்கள் பலர். அவர்கள் அந்த இடத்தில் குத்துவதற்கு முன் வைத்தியரைக் கேட்பது கட்டாயம் என்றே சொல்லுவேன்.

இன்னொரு ஆயத்தம் ஆறு மாதம் எடுத்தது. இரத்தத்தால் பரவி ஈரலைத் தாக்கும் ஹெப்படைற்றிஸ் பீ நோய்க்கான தடுப்பூசி இலங்கையில் குழந்தைகளுக்கான அட்டவணையில் 2003 இல்தான் சேர்க்கப்பட்டது. 1988 இல் பிறந்த எனக்கு அது கிடைக்கவில்லை. அந்த வைரஸ் உலர்ந்த இரத்தத்தில், உடம்புக்கு வெளியே, குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. மூன்று ஊசிகளையும் முதல் நாள், ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில் என்று போட்டு முடித்த பிறகே நாள் குறித்தேன். அவசரப்பட்டவர்கள் இதைத் தேவையற்றது என்பார்கள்; வாழ்நாள் முழுவதும் இருக்கப்போகும் ஒன்றுக்கு ஆறு மாதம் காத்திருப்பதை நான் பெரிதாக எண்ணவில்லை.

இடத்தைத் தெரிவதிலும் அதே நிதானம் வேண்டும். முதலில் போய்ப் பார்த்த ஓரிடத்தில், ஊசிகளைக் கொதிதண்ணீரில் போட்டெடுத்துப் பாவிப்போம் என்று கூச்சமின்றிச் சொன்னார்கள். நான் அப்போதே எழுந்து வந்துவிட்டேன். கொதிதண்ணீர் போதாது. மீளப் பாவிக்கும் கருவிகளை அழுத்தத்துடன் கூடிய நீராவியில், 121 பாகை செல்சியசில் பதினைந்து நிமிடம் வைத்துக் கிருமிநீக்க வேண்டும். ஊசியோ ஒருவருக்கு மட்டுமே உரியது, முடிந்ததும் எறியப்பட வேண்டியது. கடைசியில் நான் தெரிவுசெய்த இடத்தில் பச்சை குத்தும் தம்பி, ஊசிப் பொதியை என் கண்முன்னே உடைத்தார், திகதியைக் காட்டினார், மையைச் சிறு கிண்ணத்தில் எனக்கென்று தனியாக ஊற்றினார். நிழல் தீட்டுவதற்கு மையில் என்ன தண்ணீர் கலப்பீர்கள் என்று கேட்டேன். கிருமிநீக்கிய நீர்ப் போத்தலை எடுத்துக் காட்டினார். அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. 2011 இன் பிற்பகுதியில் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் பலருக்குப் பச்சை குத்திய இடத்தில் ஆறாத தடிப்புகள் வந்தன. முன்கூட்டியே நீர்கலந்து விற்கப்பட்ட சாம்பல்நிற மையில் இருந்த மைக்கோபாக்றீரியம் வகைக் கிருமியே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரிலும் அத்தகைய கிருமிகள் வாழும்.

குத்திய நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல தோலில் அது சூடான கம்பியால் கீறுவதுபோல் இருந்தது. தழும்பின் நடுவில், நரம்பு செத்துப்போன இடத்தில், எதுவுமே தெரியவில்லை. அதன் ஓரங்களில்தான் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. தழும்புத் தோல் மையைச் சீராக ஏற்காது, சில இடத்தில் பரவும், சில இடத்தில் நிற்காது, ஆகவே இரண்டாம் முறையும் வரவேண்டியிருக்கும் என்று தம்பி முன்னரே சொல்லியிருந்தார்.

மாசி மாதத்தைத் தெரிந்ததும் யோசித்தேதான். மாரி மழை ஓய்ந்து, பனி குறைந்து, சித்திரை வெயில் இன்னும் ஏறாத மாதம் அது. சோளகக் காற்று தொடங்கிவிட்டால் புழுதி எங்கும் பறக்கும். கோடையில் வியர்வை புண்ணை ஊறவைக்கும்.

முதல் இரவு கையில் ஒட்டியிருந்த மெல்லிய ஒளிபுகும் படலத்துக்குள் மையும் நிணநீரும் கலந்து கறுப்பாகத் தேங்கி நின்றன. அதைக் கண்ட அம்மாவின் முகம் மாறிவிட்டது. அது சீழ் அல்ல, முதல் நாளில் எல்லோருக்கும் வடிவதுதான் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. காலையில் படலத்தைக் கழற்றினேன். அடுத்து வந்தது தண்ணீர்ப் பிரச்சினை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது, கடினமானது, திறந்த கிணற்றில் நிற்பது. முதல் பத்து நாட்களுக்கு அதைக் கொதிக்கவைத்து, மூடி, ஆறவிட்டே பாவித்தேன். அம்மா தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தந்தார், ஆனால் கொதிக்கும்போதே ஒரு கை உப்பையும் போட்டுவிட்டார். இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் வேலை செய்த மருந்து அவருக்கு அதுதான். அளவோடு கரைத்த உப்பு நீரால் புண்ணைக் கழுவலாம். கைப்பிடி உப்பு புதுத் தோலை வரட்டி வெடிக்கச் செய்யும் என்று விளக்கினேன். “அப்ப உப்புத்தான் உன்ரை கையைக் காப்பாத்தினது,” என்றார். அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் வைத்தேன்.

காலையும் மாலையும் கழுவும் முறை எளிமையானது. முதலில் சொந்தக் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். எல்லோரும் மறப்பது இதைத்தான். பிறகு வாசனை சேர்க்காத மென்மையான சவர்க்காரத்தை உள்ளங்கையில் நுரைக்கவைத்து, விரல் நுனியால் மட்டும் பச்சையின் மேல் தடவி, நீரை ஊற்ற வேண்டும். துவாயால் துடைக்கக்கூடாது, அதன் நூல் புண்ணில் சிக்கும், ஈரத் துவாய் கிருமிக்கு வீடு. காகிதத் துவாயால் ஒற்றியெடுத்து, பத்து நிமிடம் காற்றாட விட்டு, வாசனையற்ற களிம்பை மிக மெல்லியதாகப் பூசினால் போதும்.

மஞ்சள் பூசச் சொன்னவர்கள், நல்லெண்ணெய் சொன்னவர்கள், வேப்பெண்ணெய் சொன்னவர்கள் என்று பட்டியல் நீண்டது. அவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். அம்மம்மாவின் கைக்கும் மஞ்சள்தான் பூசியிருப்பார்கள். ஆனால் குசினி மஞ்சள்தூள் கிருமிநீக்கியது அன்று, அதன் சாயமும் துகளும் திறந்த புண்ணுக்குள் போகும். மிளகாய் இடிக்கும் பக்கம் அந்த நாட்களில் நான் போகவேயில்லை. திருநீற்றையும் நெற்றியோடு நிறுத்திக்கொண்டேன். நேர்த்திக்காகத் தூக்குக் காவடியும், செடில் என்னும் கொளுக்கியும் குத்திய புண்ணுக்குத் திருநீறு பூசும் ஊரில் இது சிலருக்குக் குறையாகப் பட்டது. செடில் புண் மூடினால் போதும். பச்சையோ மூடவும் வேண்டும், உள்ளே வைத்ததைச் சிந்தாமலும் இருக்க வேண்டும்.

நான்காம் நாள் தோல் இறுகி, ஐந்தாம் நாள் உரியத் தொடங்கியது. வெயிலில் எரிந்த தோல்போல், ஆனால் மை ஏறிய கறுத்த செதில்களாக, சட்டைக் கையின் உட்பக்கத்தில் ஒட்டிக்கிடந்தன. முதன்முதலில் பார்ப்பவர் பச்சையே உதிர்ந்துபோகிறது என்று பதறுவார். உதிர்வது மேற்றோலில் சிக்கிய மை மட்டும்தான். ஆனால் அரைகுறையாகத் தொங்கும் செதிலை நகத்தால் இழுத்தால் கீழிருக்கும் மையும் சேர்ந்து வரும், அந்த இடம் வெளிறிப்போகும். கடி தாங்க முடியாதபோது சொறியாமல், சுத்தமான உள்ளங்கையால் மெதுவாகத் தட்டலாம். இரவில் நித்திரையில் கை தானாகப் போய்ச் சொறியும் என்ற பயத்தில் நகத்தை ஒட்ட வெட்டி, தளர்வான பருத்திக் கைச்சட்டையோடு நுளம்பு வலைக்குள் படுத்தேன். நுளம்புக்குப் பூசும் கிறீமைப் பச்சையின் மேல் பூசமுடியாது என்பதால் வலையைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை.

ஆறாம் நாள் ஒரு தவறு செய்தேன். கடி தணியட்டும் என்று களிம்பை அடர்த்தியாக அப்பிவிட்டேன். மறுநாள் இலைகளைச் சுற்றிச் சிறு பருக்கள் எழுந்து, தழும்பின் ஓரம் சிவந்தது. களிம்பு அடைத்து, தோல் ஊறிப்போனதே காரணம். அம்மா என்னை நிற்கவிடாமல் வைத்தியரிடம் கூட்டிச்சென்றார். வைத்தியர் பார்த்தவை இவைதாம்: சிவப்பு பரவுகிறதா, இடம் நாளுக்கு நாள் கூடுதலாகச் சுடுகிறதா, வீக்கமும் வலியும் குறைவதற்குப் பதில் ஏறுகின்றனவா, மஞ்சளாகச் சீழ் வருகிறதா, கையில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுகிறதா, காய்ச்சல் உண்டா. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு மருந்தோடு காத்திருக்கக்கூடாது, பாமசியில் தானாக அன்ரிபயோட்டிக் வாங்கி விழுங்கவும் கூடாது. என்னிடம் எதுவும் இருக்கவில்லை. களிம்பை இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார்; பருக்கள் அடங்கின. சலரோகம் உள்ளவர்களுக்கு ஆறுவது தாமதமாகும், அவர்கள் சர்க்கரை அளவு கட்டுப்பாட்டில் இல்லாமல் குத்தவே கூடாது என்றும் சொல்லியனுப்பினார்.

இரண்டாம் கிழமையில் உறவினர்கள் கசூரினாக் கடற்கரைக்குக் குளிக்கப் போனார்கள், திரும்பும் வழியில் கீரிமலைக் கேணியிலும் இறங்கினார்கள். நான் கரையில் இருந்தேன். வாளியால் அள்ளி ஊற்றும் தண்ணீர் கையில் பட்டு ஓடுவது வேறு, கடலிலோ கேணியிலோ புண் ஊறிக்கிடப்பது வேறு. புது மேற்றோல் மூடும்வரை, குறைந்தது மூன்று நான்கு கிழமைக்கு, கடலையும் கேணியையும் தவிர்க்க வேண்டும். அன்று வெயிலுக்கும் பயந்து கையைச் சேலைத் தலைப்பால் மூடியபடியே இருந்தேன். ஆறும் தோலுக்குச் சூரியக் கிறீம் பூச முடியாது, துணிதான் காவல்; ஆறிய பின்னர் 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில் காப்புக் காரணியுள்ள (SPF) கிறீமை வெளியே போகும்போதெல்லாம் பூச வேண்டும். புறஊதாக் கதிர் மைத்துகளை உடைத்து நிறத்தை மங்கச் செய்யும். மதியம் ஸ்கூட்டியில் போய்வரும் எவருடைய கையும் ஆண்டு முழுவதும் அந்தக் கதிரை வாங்கிக்கொண்டே இருக்கிறது.

மூன்றாம் கிழமை முடிவில் தோல் வெங்காயச் சருகுபோல் மினுங்கியது. பிறகு அந்த மினுக்கமும் போனது. மேலே ஆறிவிட்டாலும் உள்ளே ஆறி முடிய இரண்டு மூன்று மாதம் செல்லும். பச்சை குத்தியவர்களின் இரத்தத்தைக் குறிப்பிட்ட காலம்வரை ஏற்பதில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஆண்டுதோறும் இரத்ததானம் செய்பவர்கள் அதைக் கணக்கில் வைத்துக் குத்திக்கொள்ளலாம்.

சித்திரை பிறப்பதற்கு முன் இரண்டாம் முறை போனபோது அம்மாவும் கூட வந்தார். ஊசிப் பொதியை உடைப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தார், தம்பி கையுறை மாற்றுவதைக் கவனித்தார். இலைகள் நன்றாக நின்றிருந்தன. தழும்பு தடித்து முறுகிய நடுவிடத்தில் மட்டும் மை பிடிக்காமல் வெண்மையாக ஒரு விரல் அகலம் தெரிந்தது. அதை நிரப்பவா அக்கா என்று தம்பி கேட்டார். நான் பதில் சொல்லமுன் அம்மா குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

“விடு தம்பி. கதியால் வெட்டின இடம் உப்பிடித்தான் வெளிறிக் கிடக்கும்.”

எங்கள் வேலியில் எத்தனையோ கதியால்களை நட்டவர் அவர். நான் மறுக்கவில்லை. இரண்டு இலைகளின் ஓரங்களை மட்டும் திருத்திக்கொண்டு எழுந்தேன்.

அன்று மாலை கழுவும் நேரம் குசினிக்குள் போனேன். தண்ணீர் ஏற்கெனவே கொதித்து, மூடியிட்டு, ஆறிக்கொண்டிருந்தது. சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அம்மா உப்புப் போடவில்லை.